மாகாண ஆட்சியில் அரசமுடி: துணைநிலை ஆளுநருக்கு உண்மையில் என்ன வேலை?

வேம்படி எழுதியது:

உறவுகளுக்கு வணக்கம். நெடுநாளாக மனத்தில் இருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

2025 சனவரி 28 அன்று கனடாவின் ஒன்ராறியோ மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் துணைநிலை ஆளுநர் ஈடித் டுமோனிடம் சென்று, சட்டமன்றத்தைக் கலைக்கும்படி கேட்டுக்கொண்டார். அப்போது அவருடைய கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை இருந்தது. சட்டப்படி அடுத்த தேர்தல் 2026 சூனில்தான் வரவேண்டும். அமெரிக்காவின் இறக்குமதி வரி மிரட்டலை எதிர்கொள்ளப் புதிய ஆணை வேண்டும் என்று முதல்வர் காரணம் சொன்னார். கேட்டபடியே சட்டமன்றம் கலைந்தது. பிப்ரவரி 27-இல் தேர்தல் முடிந்து, அதே கட்சி 80 இடங்களுடன் திரும்பி வந்தது.

தேர்தல் நாளைச் சட்டமே குறித்திருக்கையில், அந்த நாளுக்கு ஏறத்தாழ 16 மாதங்கள் முன்பாகக் கலைக்கக் கேட்டவரிடம் ‘ஏன்’ என்று கேட்கவும் முடியாத பதவியாக இது இருக்குமானால், மன்னரின் பெயரால் மாகாணத்தில் ஒருவர் அமர்ந்திருப்பதன் பொருள் என்ன? கேலிக்காகக் கேட்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கவேண்டும்.

நீதிநூல் எழுதியது:

நல்ல கேள்வி, ஆனால் நீங்கள் எடுத்த எடுத்துக்காட்டிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அப்போது தேர்தல் நாளைக் குறித்திருந்த அந்தச் சட்டமே, துணைநிலை ஆளுநர் சட்டமன்றத்தைக் கலைக்கும் அதிகாரத்தைத் தான் எவ்வகையிலும் குறைக்கவில்லை என்றும் சொல்லியிருந்தது. பெரும்பான்மையுள்ள முதல்வர் கலைக்கச் சொன்னால் அதை ஏற்பது மரபு. அவர் மறுத்திருந்தால், தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் தேர்தலையே தடுத்தார் என்ற பழி வந்திருக்கும். முன்கூட்டிய தேர்தல் சரியா தவறா என்பதை வாக்காளரே தீர்ப்பார் என்று விட்டுவிடுவதுதான் இந்த முறை.

பதவியின் சட்ட அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1867-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தின் 58-ஆம் பிரிவின்படி துணைநிலை ஆளுநரை மத்திய அமைச்சரவையின் அறிவுரைப்படி, கனடா முழுவதற்கும் மன்னரின் பிரதிநிதியான ஆளுநர் நாயகம் நியமிக்கிறார். 60-ஆம் பிரிவின்படி சம்பளத்தைக் கனடியப் பாராளுமன்றம் தருகிறது. சட்டமூலங்களுக்கு ஒப்புதல் தரவும், மறுக்கவும், மத்திய அரசின் முடிவுக்காக ஒதுக்கிவைக்கவும் 90-ஆம் பிரிவு வழி செய்கிறது. காகிதத்தில் பார்த்தால் இவர் ஒட்டாவாவின், அதாவது மத்திய அரசின், கண்காணிப்பாளர்தான். கனடாவின் முதல் பிரதமர் சேர் ஜோன் ஏ. மக்டொனால்ட் விரும்பியதும் அதுவே; மாகாண ஆட்சிகளைப் பெரிய நகராட்சிகளைப் போலவே அவர் கருதினார்.

அந்த எண்ணத்தை உடைத்தது ஒரு வங்கி நொடிப்பு. நியூ பிரன்சுவிக் மாகாண அரசு மரிடைம் வங்கியில் 35,000 டாலர் பொதுப்பணத்தைப் போட்டு வைத்திருந்தது. 1887-இல் வங்கி முறிந்தபோது, மற்ற வைப்பாளர்களுக்கு முன்பாகத் தனக்கே பணம் தரப்படவேண்டும் என்று மாகாணம் கேட்டது. கடன் வசூலில் அரசமுடிக்கு, அதாவது மன்னரின் பெயரால் நடக்கும் அரசுக்கு, முன்னுரிமை உண்டு என்பது பழைய ஆங்கிலச் சட்டம். அப்படியானால் மாகாண அரசும் அரசமுடிதானா, அல்லது அது ஒட்டாவாவில் மட்டும்தான் இருக்கிறதா என்பதே வழக்கின் கேள்வியாயிற்று. 1892-இல், அன்று கனடாவின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில், மத்திய ஆட்சிக்கு ஆளுநர் நாயகம் எப்படி அரசியின் பிரதிநிதியோ அப்படியே மாகாண ஆட்சியின் எல்லாக் காரியங்களுக்கும் துணைநிலை ஆளுநர் அரசியின் பிரதிநிதி என்று தீர்த்தது. நியமித்தவர் ஒட்டாவா என்பதால் அவர் ஒட்டாவாவின் ஊழியர் ஆகிவிடமாட்டார் என்பதே அதன் சாரம். இன்று ஒன்ராறியோவும் கியூபெக்கும் தங்கள் அதிகார எல்லைக்குள் எவருக்கும் கீழ்ப்படாமல் ஆட்சி செய்கின்றன என்றால், அதற்கான சட்டத் தூண்களுள் ஒன்று அந்தத் தீர்ப்பு. மாகாணத் தன்னாட்சிக்கு முடியாட்சி உதவியது என்பது கேட்க விந்தையாக இருக்கலாம், நடந்தது அதுதான்.

ஸ்காபரோ குடிமகன் எழுதியது:

நீதிநூல் அவர்கள் ஒரு தீர்ப்பை மட்டும் எடுத்துக்காட்டி, அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை விட்டுவிட்டார்.

1878-இல் கியூபெக்கின் துணைநிலை ஆளுநர் லெத்தெலியே, சட்டமன்றத்தில் பெரும்பான்மை வைத்திருந்த அமைச்சரவையையே பதவிநீக்கினார். அதே ஆண்டு ஒட்டாவாவில் ஆட்சி மாறியது. மறு ஆண்டில் லெத்தெலியேயின் பதவியும் போயிற்று. 1891-இல் கியூபெக்கில் மீண்டும் ஒரு பதவிநீக்கம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மக்கின்ஸ் என்பவர் 1898-இலும் 1900-இலும் இரண்டு முதல்வர்களை நீக்கி, இறுதியில் தானும் நீக்கப்பட்டார். 1903-இல் அதே மாகாணத்தில் இன்னொரு முதல்வர் நீக்கப்பட்டார். இதெல்லாம் மன்னரின் பிரதிநிதி செய்யும் வேலையா?

அது பழங்கதை என்பீர்கள். 1937-இல் அல்பேர்ட்டாவில் துணைநிலை ஆளுநர் போவன், செய்தித்தாள்களைக் கட்டுப்படுத்தும் சட்டமூலம் உட்பட மூன்றை ஒதுக்கிவைத்தார். 1945-இல் பிரின்ஸ் எட்வேர்ட் தீவில் மதுவிலக்குச் சட்டத் திருத்தத்துக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது. அடுத்து வந்தவர் ஒப்புதல் தந்துவிட்டார் என்றால், முதலில் மறுத்தது எந்தக் கொள்கையின்படி? 1961-இல் சஸ்கச்சுவானில் பஸ்டீடோ கனிம ஒப்பந்தங்கள் பற்றிய ஒரு சட்டமூலத்தை ஒட்டாவாவைக் கலந்து பேசாமலே ஒதுக்கிவைத்தார்; பிரதமர் டீஃபன்பேக்கரின் அரசு சங்கடப்பட்டு அதற்கு ஒப்புதல் தரவைத்தது. அதிகாரத்தைப் பயன்படுத்தினால் ஆபத்து, பயன்படுத்தாவிட்டால் வீண். இவ்விரண்டுக்கும் நடுவில் இந்தப் பதவிக்கு எந்த நற்பயனும் எனக்குத் தெரியவில்லை.

நீதிநூல் எழுதியது:

பட்டியல் சரியானது, ஆனால் அது முடியும் ஆண்டைக் கவனியுங்கள். கடைசிப் பதவிநீக்கம் 1903, கடைசி ஒப்புதல் மறுப்பு 1945, கடைசி ஒதுக்கிவைப்பு 1961. மத்திய அரசு ஒரு மாகாணச் சட்டத்தைக் கடைசியாக இரத்துச் செய்தது 1943-இல். சட்டத்தில் இவ்வதிகாரங்கள் இன்றும் எழுதியபடியே இருக்கின்றன. மரபில் உயிரற்றுப் போயின. அந்த வேலையை நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. போவன் ஒதுக்கிய மூன்றும் செல்லாதவை என்று 1938-இல் கனடிய உச்ச நீதிமன்றமே சொன்னது. (முதல்வர் ஏபர்ஹார்ட் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டில் போவனின் அரச மாளிகையை மூடிவிட்டார்.)

வான்கூவர் வாசி எழுதியது:

இங்கு வாழ்பவன் என்ற முறையில் 2017-ஐப் பற்றிச் சற்று விரிவாக எழுதவேண்டும், ஏனெனில் ‘நற்பயன் எதுவும் தெரியவில்லை’ என்ற கூற்றுக்கு அது நேரான பதில்.

அந்த ஆண்டு மே 9-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்த தேர்தலில், 87 இடங்களில் லிபரல் கட்சி 43, புதிய சனநாயகக் கட்சி 41, பசுமைக் கட்சி 3 பெற்றன. எவருக்கும் பெரும்பான்மை இல்லை. இருபது நாட்கள் கழிந்து பசுமைக் கட்சியினர் புதிய சனநாயகக் கட்சியை ஆதரிப்பதாக எழுத்துமூல உடன்பாடு செய்துகொண்டார்கள். ஆனால் முதல்வர் கிறிஸ்டி கிளார்க் உடனே பதவி விலகவில்லை. விலகவேண்டிய கட்டாயமும் இல்லை. சட்டமன்றத்தைச் சந்தித்து நம்பிக்கையைச் சோதிப்பது அவருடைய உரிமை. சூன் 22-இல் வாசிக்கப்பட்ட, அரசின் திட்டங்களை அறிவிக்கும் சிம்மாசன உரையில் எதிர்க்கட்சிகளின் வாக்குறுதிகளையே அள்ளிப் போட்டிருந்தார்கள். சூன் 29-இல் வாக்கெடுப்பு நடந்து 44-க்கு 42 என்ற கணக்கில் அரசு தோற்றது.

அன்று மாலை கிளார்க் துணைநிலை ஆளுநர் யூடித் கீஷோனின் இல்லத்துக்குச் சென்று, சட்டமன்றத்தைக் கலைத்து மறுதேர்தல் நடத்துமாறு கேட்டார். எதிரணியில் ஒருவர் சபாநாயகர் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் இருபுறமும் 43-க்கு 43 ஆகிவிடும், ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் சபாநாயகர் வாக்கே தீர்மானிக்கவேண்டியிருக்கும், இப்படிப்பட்ட சபை நிலைக்காது என்பது அவருடைய வாதம். வாதம் பொருளற்றதன்று. ஆயினும் கீஷோன் மறுத்தார். தேர்தல் நடந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. நம்பிக்கையை இழந்த முதல்வரின் அறிவுரைக்கு இருக்கும் வலு குறைவு. சபையின் நம்பிக்கையைப் பெறக்கூடிய இன்னொருவர் எழுத்துமூல உடன்பாட்டோடு காத்திருந்தார். அன்று இரவே ஜோன் ஹொர்கனை அழைத்தார். சூலை 18-இல் புதிய அரசு பதவியேற்றது. சபாநாயகர் சிக்கலும் எவரும் எதிர்பாராத வகையில் தீர்ந்தது: லிபரல் கட்சியிலிருந்த டாரில் பிளெக்காஸ் செப்டம்பரில் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். நிலைக்காது என்று சொல்லப்பட்ட சபை மூன்று ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

அந்த மாலை கீஷோன் செய்தது ஒரே வேலை. மக்கள் தேர்ந்த சபை எவரை நம்புகிறது என்று பார்த்து, அவரிடம் ஆட்சியை ஒப்படைத்தார். தோற்ற முதல்வர் தனக்குச் சாதகமான முடிவு வரும்வரை தேர்தலைத் திரும்பத் திரும்ப நடத்தாமல் தடுக்க, கட்சிக்கு வெளியே ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

ஸ்காபரோ குடிமகன் எழுதியது:

வான்கூவர் வாசி கதையின் மறுபாதியைச் சொல்லாமல் விட்டார். அதே ஹொர்கன் 2020 செப்டம்பரில், பசுமைக் கட்சியோடு செய்த உடன்பாட்டையும் 2021 அக்டோபர் என்று குறித்த தேர்தல் நாளையும் ஒதுக்கிவிட்டு, பெருந்தொற்றின் நடுவில் கலைக்கக் கேட்டார். அவருக்குச் சபையில் தனிப் பெரும்பான்மை இல்லை. இருந்தும் துணைநிலை ஆளுநர் ஜெனட் ஒஸ்டின் ஒப்புக்கொண்டார். ஹொர்கன் 57 இடங்களுடன் திரும்பினார். 2017-இல் மறுக்க முடிந்த பதவிக்கு 2020-இல் ஏன் முடியவில்லை?

வான்கூவர் வாசி எழுதியது:

2020-இல் ஹொர்கன் எந்த நம்பிக்கை வாக்கெடுப்பிலும் தோற்கவில்லை. மாற்று அரசு அமைக்கப் போதிய எண்ணிக்கையும் எவரிடமும் இல்லை. இரண்டு நிலைமைகளும் வேறு. எனினும் அவர் செய்தது எனக்கும் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நொய்யல்கரை எழுதியது:

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். இதைப் படிக்கும்போது எங்கள் ஊர் நினைவு வராமல் இருக்குமா? ‘ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு ஆளுநர் எதற்கு’ என்று அண்ணா கேட்டார். 1971-இல் இராஜமன்னார் குழுவும் இதையே ஆராய்ந்தது. 1949-இல் அரசியல் நிர்ணய சபை, ஆளுநர் தேர்ந்தெடுக்கப்படவேண்டுமா நியமிக்கப்படவேண்டுமா என்று விவாதித்தபோது கனடாவின் நியமன முறையும் பேசப்பட்டது. மசோதாவை மேலிடத்தின் பரிசீலனைக்கு ஒதுக்கி வைக்கும் எங்கள் 200-ஆம் பிரிவின் சாயல் உங்கள் 1867-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அங்கே 1961-க்குப் பிறகு அந்த அதிகாரம் உறங்கிவிட்டது என்கிறீர்கள். இங்கே தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2025 ஏப்ரலில் ஒரு தீர்ப்பும், நவம்பரில் ஒரு கருத்துரையும் வந்து, இன்னும் வாதம் ஓயவில்லை. எங்களுக்கு மன்னர் இல்லை, குடியரசுதான். ஒரே விதையிலிருந்து இருவேறு மரங்கள் எப்படி வந்தன?

நீதிநூல் எழுதியது:

நொய்யல்கரை அவர்களின் கேள்விக்கு இரண்டு காரணங்களைச் சொல்வேன்.

ஒன்று பதவிக்காலம். இந்தியாவில் 156-ஆம் பிரிவின்படி ஆளுநர் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருப்பவர். இங்கும் அச்சொற்கள் உண்டு, ஆனால் 59-ஆம் பிரிவு இன்னொரு வேலியையும் போட்டது: நியமித்த ஐந்து ஆண்டுகளுக்குள் நீக்கவேண்டுமானால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவேண்டும், பாராளுமன்றத்துக்கும் சொல்லவேண்டும். ஒட்டாவாவில் ஆட்சி மாறியவுடன் பத்து மாகாணங்களிலும் ஆளை மாற்றும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. மற்றொன்று, 1892-ஆம் ஆண்டுத் தீர்ப்பால் அவர் மன்னரின் பிரதிநிதி ஆனதும், மன்னர் இலண்டனில் எந்த அளவு ஒதுங்கி நிற்கிறாரோ அதே அளவு இவரும் ஒதுங்கி நிற்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு பிறந்தது. மத்திய அரசின் முகவராக இருந்திருந்தால் அந்த எதிர்பார்ப்பு எழுந்திராது. இதை முடியாட்சியின் பெருமையாகச் சொல்லவில்லை. குடியரசிலும் இத்தகைய மரபை வளர்க்கலாம். இங்கே அது வளர்ந்த வழி இது.

தமிழர்க்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு. தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டம் ஒன்ராறியோ சட்டமன்றத்தில் நிறைவேறி, 2021 மே 12-இல் அரச ஒப்புதல் பெற்றது. கடும் எதிர்ப்பு இருந்த சட்டமூலம் அது. வேறு நாட்டில் நடந்ததைப் பற்றி மாகாணம் சட்டம் இயற்றலாமா என்ற கேள்வியும் எழுப்பப்பட்டது. ஒப்புதல் மேசையில் அது தடைபடவில்லை. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். ஒன்ராறியோ மேல் நீதிமன்றமும், பின்னர் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சட்டத்தை நிலைநிறுத்தின. 2025-இல் கனடிய உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. துணைநிலை ஆளுநரிடம் மனுக் கொடுத்து நிறுத்திவிடலாம் என்ற நிலை இருந்திருந்தால், அந்தச் சட்டத்தின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த எல்லையை மீறுவதுபோல் அண்மையில் கேட்ட ஒரே குரல் அல்பேர்ட்டாவிலிருந்து வந்தது. பின்னர் அந்த மாகாண முதல்வரான டானியல் ஸ்மித் முன்வைத்த, மத்தியச் சட்டங்களை மாகாணம் செயற்படுத்த மறுக்க வழிசெய்யும் இறையாண்மைச் சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்று தான் அறிஞர்களைக் கலந்து பார்க்கவேண்டியிருக்கும் என்று, அது வரைவாகக்கூட வராத 2022 செப்டம்பரிலேயே துணைநிலை ஆளுநர் சல்மா லக்கானி செய்தியாளரிடம் சொன்னார். எதிர்ப்பாளர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் டிசம்பரில் சட்டமூலம் திருத்தங்களோடு நிறைவேறியதும் ஒப்புதல் தந்தார். தந்ததே சரி, முன்பு பேசாமல் இருந்திருக்கலாம் என்பது என் கருத்து.

வடக்குச் சாலை எழுதியது:

எல்லோரும் குயீன்ஸ் பார்க் சட்டமன்றத்தையே சுற்றி வருகிறீர்கள். வடக்கு ஒன்ராறியோவின் சட்பரியில் வேலை செய்பவன் என்பதால் வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஒன்ராறியோவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 87 விழுக்காடு அரசமுடியின் நிலம். அதை ஆளுவது மாகாணம். காட்டுமரமும் கனிமமும் மாகாணக் கருவூலத்துக்கு. ஆனால் அந்த நிலம் பற்றிய வாக்குறுதியை முதற்குடிகளுக்குக் கொடுத்தது அரசமுடி.

1850-இல் ஹூரன் ஏரிக்கும் சுப்பீரியர் ஏரிக்கும் வடக்கே வாழ்ந்த அனிஷினாபே மக்களோடு ரொபின்சன் உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. நிலத்திலிருந்து வருமானம் பெருகினால் ஆண்டுத்தொகையையும் பெருக்குவோம் என்று அவற்றில் எழுதப்பட்டது. 1875-இல் தலைக்கு 4 டாலர் ஆக்கினார்கள். இன்றுவரை அதே 4 டாலர்தான். இதற்கிடையில் அந்த மண்ணிலிருந்து நிக்கலும் மரமும் எவ்வளவு போயின என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2024 சூலையில் உச்ச நீதிமன்றம், அரசமுடி தன் மாண்புக்குப் பொருந்தாத வகையில் நடந்துகொண்டது என்று தீர்த்தது. அதற்கு முன்பே ஹூரன் பகுதி 21 முதற்குடிகளுடன் 10 பில்லியன் டாலருக்கு இணக்கம் ஏற்பட்டு, கனடாவும் ஒன்ராறியோவும் பாதிப் பாதி ஏற்றன.

இவ்வழக்கில் ஒன்ராறியோ நின்றது ஓர் அரசுத் துறையாக அன்று. வாக்குக் கொடுத்த அரசமுடியாகவே நின்றது. கட்சிகள் மாறலாம், முதல்வர்கள் மாறலாம், 1850-இல் கொடுத்த சொல்லுக்கு அதே ஆள் இன்றும் பொறுப்பு என்று நீதிமன்றத்தில் நிறுத்த முடிந்தது. முடியாட்சியை ஒழிப்போம் என்பவர்கள், இந்தக் கடன் யார் தலையில் எப்படித் தடையின்றி ஏறும் என்பதை முதற்குடிகளிடம் விளக்கியபின் பேசலாம்.

ஸ்காபரோ குடிமகன் எழுதியது:

வடக்குச் சாலையின் பதிவு என்னைச் சிந்திக்க வைத்தது. ஆனால் அதே அரசமுடிதான் 150 ஆண்டுகளுக்கு அருகே 4 டாலரோடு நிறுத்தியது. பொறுப்பை வாரிசு அரசுக்கு மாற்ற ஒரு சட்ட வாசகம் போதும். அதற்கு அரண்மனை தேவையில்லை.

கியூபெக்கையும் பாருங்கள். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுத்தே அமரவேண்டும் என்கிறது. 2022 தேர்தலில் வென்ற கியூபெக்வா கட்சியின் மூவர் மறுத்தனர். அவர்களைச் சபைக்குள் விடவில்லை. டிசம்பரில் அந்த மாகாணம், இப்பிரிவு கியூபெக்குக்குப் பொருந்தாது என்று சட்டமே இயற்றிவிட்டது. வானம் இடிந்து விழவில்லை.

நீதிநூல் எழுதியது:

விழவில்லை. ஆனால் மன்னருக்கான உறுதிமொழியை நீக்கிய அந்தச் சட்டமும் மன்னரின் பெயரால் துணைநிலை ஆளுநர் ஒப்புதல் தந்த பிறகே சட்டமாயிற்று.

வேம்படி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. இந்தப் பதவி வெறுமையாகவே கிடந்தால் நிர்வாகத்துக்கு என்ன ஆகும்? மாகாணம் தானாகவே இதை நீக்கவோ திருத்தவோ முடியுமா?

நீதிநூல் எழுதியது:

முதல் ஐயத்துக்கு 2019 பதில் சொல்லும். நியூ பிரன்சுவிக்கின் துணைநிலை ஆளுநர் ஜொஸ்லின் ருவா-வியென்னோ ஆகஸ்டு 2-இல் பதவியில் இருக்கையிலேயே காலமானார். 67-ஆம் பிரிவின்படி பதில் நிர்வாகி செயற்படுவது அவர் ஊரில் இல்லாதபோதும், நோயுற்றபோதும், வேறு இயலாமையின்போதும்தான். இறந்துவிட்டால் நிர்வாகிக்கும் அதிகாரம் இல்லை என்றே கொள்ளப்பட்டது. செப்டம்பரில் பிரெண்டா மர்பி பதவியேற்கும்வரை அமைச்சரவை ஆணைகளுக்குக் கையெழுத்திட ஆளில்லை. பெரும்பான்மை, சபை, முதல்வர் எல்லாம் இருந்தும் நியமன ஆணைகள் காத்துக் கிடந்தன.

இரண்டாவது ஐயத்துக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, தன் அரசியலமைப்பைத் தானே திருத்திக்கொள்ள மாகாணத்துக்கு உரிமை தருகிறது. ஆனால் 41-ஆம் பிரிவு, துணைநிலை ஆளுநர் பதவியைத் தொடவேண்டுமானால் பாராளுமன்றமும் பத்து மாகாணச் சட்டமன்றங்களும் ஒருமித்து ஏற்கவேண்டும் என்கிறது. அரசியலமைப்பைத் திருத்தும் மீச் ஏரி உடன்பாடு எல்லா மாகாணங்களின் ஒப்புதலும் கிடைக்காமல் 1990-இல் எப்படிக் கலைந்தது என்று அறிந்தவர்கள், இது எந்த அளவுக்கு நடக்கும் என்பதைக் கணித்துக்கொள்ளலாம்.

ஸ்காபரோ குடிமகன் எழுதியது:

ஒழிக்க முடியாது என்றாகிவிட்டால், தேர்வு முறையையாவது சீராக்கலாமே. பிரதமர் தன் மனம்போல ஒருவரை அனுப்புவதுதான் எனக்கு உறுத்துகிறது. மாகாண மக்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

நீதிநூல் எழுதியது:

இதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன், இதற்கு அரசியலமைப்புத் திருத்தமும் தேவையில்லை. 2012-இல் ஹார்ப்பர் அரசு நியமனங்களுக்காக ஓர் ஆலோசனைக் குழுவை ஏற்படுத்தியது. அடுத்து வந்த ட்ரூடோ அரசு அதைத் தொடரவில்லை. டுமோன் 2023 நவம்பரில் பொறுப்பேற்றார். வழக்கமான ஐந்தாண்டைக் கணக்கிட்டால் ஒன்ராறியோவுக்கான அடுத்த நியமனம் 2028 அளவில் வரும். அதற்குள் அத்தகைய குழுவை மீண்டும் அமைத்து, அதில் மாகாணச் சட்டமன்றத்தின் எல்லாக் கட்சிகளும் ஏற்கும் உறுப்பினர்களைச் சேர்க்குமாறு நம் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கலாம். வேண்டுகோளின் வரைவை நான் எழுதுகிறேன். குடிமகன் அவர்கள் திருத்தித் தந்தால் இந்த இழையிலேயே பதிகிறேன்.